கூப்பிடாமல் வந்த காகங்கள்

அப்பாவின் கருமாதி அன்று, தண்ணீர் விழும் பீலிக்கு மேலே உள்ள பாறையடியில் அம்மா இருந்தார். சித்தப்பாமார் இரண்டு பேரும் இருந்தார்கள். பூசாரி இருந்தார், எங்கள் லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், மொட்டைத் தலையோடு நான் இருந்தேன். அண்ணன் இல்லை, அவர் பசறை பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார். தொங்கல் காம்பரா அத்தை இல்லை. காகங்களும் இல்லை.

எள்ளும் சோறும் பிசைந்து உருட்டி இலையில் வைத்து வெகுநேரம் ஆகிவிட்டது. அப்பாவுக்குப் பிடிக்கும் என்று அவித்து வைத்த மரவள்ளிக் கிழங்கு ஓரத்தில் ஆறி வெளிறிப்போய்க் கிடந்தது. சித்தப்பாமார் மாறி மாறிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். சின்னச் சித்தப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மலைமேல் மூடுபனி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

அண்ணன் பசறையில் நின்றதற்குக் காரணம் உண்டு. அவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவர். அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்து, கட்டினால் இவளைத்தான் என்று வந்து சொன்னபோது அப்பாவுக்கும் அவருக்கும் பெரிய தகராறு. “நான் செத்தாலும் இந்த லயத்துப் பக்கம் ஏறி வராத” என்று அப்பா சொல்லிவிட்டார். அண்ணன் அப்பாவைப் போலவே பிடிவாதக்காரர். செத்த செய்தி கேட்டதும் பஸ் ஏறி வந்தவர், பசறையில் இறங்கி, அதற்கு மேல் வரவில்லை. அப்பாவை எடுக்கும் வரை பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். கருமாதிக்கும் அதே மாதிரி வந்து நின்றார்.

அம்மா ஒரு முடிவோடு இருந்தார். காகம் சோற்றை எடுத்தால் அப்பாவின் கோபம் தீர்ந்தது என்று அர்த்தம். பிள்ளையை மேலே வரச் சொல்லலாம். எடுக்காவிட்டால், செத்த மனுஷன் வாக்கை மீறிக் கூப்பிட முடியாது. என் கையில் போனைக் கொடுத்துப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

பெரிய சித்தப்பாதான் முதலில் பார்த்தார்.

“அங்க பாருங்க, அங்க. அந்தக் கூரையில.”

கீழே எங்கள் லயம், தோட்டத்து ஆட்களின் வரிசை அறைகள். அதன் கடைசி அறையின் தகரக் கூரை மேல் காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை.

“சாமி வேலை இல்ல இது. அவ புடிச்சு வச்சிருக்கா,” என்றார் சித்தப்பா.

லயத்தின் கடைசி அறையைத் தொங்கல் காம்பரா என்போம். அதில் தனியாக இருந்தவர் என்பதால் அவர் எங்கள் எல்லோருக்கும் தொங்கல் காம்பரா அத்தை. சொந்தப் பெயர் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் மட்டும்தான் இருந்தது. ஐம்பதை நெருங்கிய வயது. கொழுந்து எடுக்கிறவர். அப்புத்தளைப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர் என்பார்கள். புருஷன் என்ன ஆனான் என்பதற்கு லயத்தில் மூன்று கதைகள் உண்டு. அவர் மூன்றையும் மறுத்ததில்லை.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன், அறைக்குப் பின்னால் கிடக்கும் சப்பட்டைக் கல்லில் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து வைப்பார். வைத்துவிட்டுத் திரும்பி, கல்லுக்கு முதுகைக் காட்டி நிற்பார். ஒரு நாளும் ‘கா’ என்று கூப்பிட்டதில்லை. நான் ஏ.எல். பரீட்சைக்குப் படித்த காலத்தில் விடியற்காலை எழுந்து அவர் வீட்டுப் பக்கத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து படிப்பேன், அதனால் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முதலில் தகரத்தில் நகம் கீறும் சத்தம். பிறகு இறக்கை. பிறகு கல்லில் அலகு தட்டும். அந்தத் தட்டல் கேட்டதும் அவர் முகம் மாறும். கோயிலில் திரை விலகும்போது ஆட்களின் முகம் மாறுமே, அந்த மாதிரி.

“யாருக்காக அத்தை வைக்கிறீங்க? மாமாவுக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“காக்காய்க்கு,” என்றார்.

பிறகு அவராகவே சொன்னார்: “கோயில்ல சாமி எந்நேரமும் ஒக்காந்திருக்கு. போனாப் பாத்துட்டு வரலாம். இதுங்களுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்ல. வராமலே இருந்துக்கலாம். இருந்தும் வருது பாத்தியா?”

இதைச் சாமி கும்பிடுவது என்று அவர் சொன்னதில்லை. ஆனால் திருவிழாவுக்குக்கூட மாரியம்மன் கோயில் பக்கம் அவரை அதிகம் பார்த்ததில்லை. பூசாரிக்கு அதில் வருத்தம் இருந்தது.

காகங்கள் அவரைப் பின்தொடர்ந்து கொழுந்து மலைக்கும் போகும். அவர் தேயிலைச் செடி நிரை ஒன்றைப் பிடித்து நின்றால் அடுத்த நிரையில் அவை தத்தித் தத்திப் புழு பொறுக்கும். கங்காணிக்கு அது எரிச்சல்.

“என்னா, புள்ளகுட்டிய கூட்டிக்கிட்டு வேலைக்கு வந்திருக்க? அதுகளுக்கும் பேர் போடணுமா?” என்பார். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.

“போட்டாப் போடுங்க கங்காணி. ஒங்களுக்கு முன்னாலயே மலைக்கு வந்துருதுங்க.”

பெண்களுக்கு வேறு தகராறு. பீலியில் குளிக்கும்போது கல்லில் வைத்த சவர்க்காரத்தைக் காகம் தூக்கிக்கொண்டு போய்விடும். ஈரத் தலையோடு நேரே தொங்கல் காம்பராவுக்குத்தான் வருவார்கள். “ஒங்க வீட்டு ஆளு என் சோப்பத் தூக்கிட்டுப் போயிருச்சு!” அத்தை வாதாட மாட்டார். இரண்டு நாள் கழித்து, அலகுக் குறி பதிந்த சவர்க்காரம் ஒன்று பீலிக்குப் பக்கத்துக் கம்பியில் ஒரு பையில் தொங்கும். யாருடையது என்று பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு மழைக்காற்றில் சவுக்கு மரத்திலிருந்து குஞ்சு ஒன்று விழுந்துவிட்டது. பையன்கள் அதைத் தொப்பியில் வைத்துத் தூக்கிக்கொண்டு அத்தையிடம் வந்தார்கள். எல்லோரும் அவர் வளர்ப்பார் என்றுதான் நினைத்தோம். அவர் பழைய கொழுந்துக் கூடையைக் கிழித்துச் சிறிதாக்கி, என்னை மரத்தில் ஏறச் சொல்லி, கிளையில் கட்டவைத்து, குஞ்சை அதில் விடச் சொன்னார். ஏறியதற்கு என் தலையில் நாலு கொத்து விழுந்தது.

“நீங்களே வச்சிருந்தா ஒங்ககூடவே இருக்குமே அத்தை,” என்றேன் தலையைத் தடவிக்கொண்டு.

“எதுக்கு? அதுக்கு ஆத்தா இருக்கா.”

காகங்கள் மனித முகத்தை அடையாளம் வைத்துக்கொள்ளும், தலைமுறை தலைமுறையாக மறக்காது என்று போனில் படித்துவிட்டு அவரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு அது பிடித்திருந்தது. “என் மூஞ்சியவா?” என்று இரண்டு தடவை கேட்டார். மறுநாள் மழைக்குப் போர்த்தும் படங்கைத் தலையோடு மூடி, கண் மட்டும் தெரிய வெளியே வந்தார். காகங்கள் வழக்கம்போல இறங்கின. “மூஞ்சி இல்லடா, நடை,” என்று அங்கிருந்தே கத்தினார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

லயத்தில் யாருக்காவது கருமாதி என்றால் மட்டும் அவர் வேலைக்குப் போகமாட்டார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பார். அன்றைய பேர் போய்விடும். தீட்டு பார்க்கிறார் என்று சிலர் சொன்னார்கள். அடுத்தவர் வீட்டுக்குக் காகம் போவது பொறுக்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். அப்பாவின் கருமாதி வரை எங்களுக்கு உண்மைக் காரணம் தெரியாது.

அம்மா பாறையடியிலிருந்து இறங்கிப் போய் அவர் கதவைத் தட்டினார். நானும் சித்தப்பாவும் பின்னால் போனோம்.

“ஏன் தாயி இப்படிப் பண்ற? அவரு ஒன்னத் தங்கச்சின்னுதானே கூப்பிட்டாரு.”

கதவு பாதி திறந்தது. கூரையில் ஒரே பரபரப்பு. அத்தை நிலைக்கு உள்ளேயே நின்றார்.

“நான் ஒண்ணும் பண்ணல மதினி. நான் வெளிய தலை காட்டினா அதுங்க என் பின்னாலயே வரும். அதான் கருமாதின்னா உள்ள கெடக்கேன். இன்னிக்குக் காலையில ரொட்டிகூட வைக்கல. வயிறு நெறஞ்சிருந்தா அண்ணே எலைக்கு வராதேன்னு.”

“நீ ரொட்டி வைக்காததாலதானே அதுங்க ஒன் கூரையில தவம் கெடக்கு!” என்றார் சித்தப்பா.

அத்தை தலையை நீட்டி மேலே பார்த்தார். அந்த யோசனை அவருக்கு வரவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“சரி விடு. இப்ப வந்து நில்லு,” என்றார் அம்மா.

“நான் வந்தா வரும் மதினி. ஆனா எனக்காக வரும். அண்ணே வந்தாரா இல்லியான்னு அப்புறம் ஒங்களுக்கு எப்பவுமே தெரியாது.”

“எனக்குத் தெரிய வேணாம்,” என்றார் அம்மா. “எலையில வாய் வச்சாப் போதும். எம் புள்ள பஸ் ஸ்டாண்டுல நிக்கிறான்.”

அத்தை என் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தார். காகங்கள் தலைக்கு மேலே கூட வந்தன. அவர் இலைக்குக் கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டி நின்றார். காலையில் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் அதே நிலை. அவை இறங்கின. கிழங்கு முதலில் போனது, பிறகு சோறு. அம்மா தரையில் விழுந்து கும்பிட்டு அழுதார். பூசாரி “போதும், போதும், ஐயா திருப்தியாயிட்டாரு,” என்றார். நான் அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

அண்ணன் ஆட்டோ பிடித்து வந்து இறங்கியபோது அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அடித்தார். அந்தக் களேபரத்தில் அத்தை எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவர் ரொட்டி வைத்தார். காகங்களும் வந்தன. கல்லில் அலகு தட்டியது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் யோசனையாக இருந்தார்.

“என்ன அத்தை?”

“நேத்து நான் கூட்டிக்கிட்டுப் போனேன். இன்னிக்கு இது தானா வந்ததா, நான் எங்கயாச்சும் கூட்டிக்கிட்டுப் போவேன்னு வந்ததா, தெரியல.”

புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டேன்.

விஷயம் மற்ற லயங்களுக்கும் பரவியது. எங்காவது கருமாதி என்றால் அத்தையைத் தேடி ஆள் வரத் தொடங்கியது. காய்ச்சல், கால்வலி என்று ஏதேதோ சொல்லி அவர் தப்பித்துக்கொண்டிருந்தார். சிலர் வெற்றிலையில் பணம் வைத்து நீட்டினார்கள். அவர் வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொள்வார்.

ஒரு வருஷம் கழித்துக் கீழ் லயத்து லொறி டிரைவரின் பெண்சாதி செத்துப்போனாள். சின்ன வயது. காய்ச்சல் என்று அவன் சொன்னான். நாள்கணக்கில் காய்ச்சலில் கிடந்தவளை, வீட்டு வாசலில் லொறி நிற்க, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை என்று லயம் சொன்னது. கொண்டு போனால் டொக்டர் அவள் உடம்பில் வேறு எதையாவது பார்த்துவிடுவார் என்றும் சொன்னது. சத்தமாக யாரும் சொல்லவில்லை.

நமுனுகுலப் பக்கமிருந்து அந்தப் பெண்ணின் தாய் வந்திருந்தார். கருமாதிக்கு முதல் நாள் எல்லோர் முன்னாலும் ஒன்று சொன்னார்: “நாளைக்குக் காக்கா வந்து எடுத்துச்சுன்னா, எம் புள்ளைக்கு இவன் மேல கோவம் இல்லைன்னு நான் பேசாமப் போயிருவேன். எடுக்கலேன்னா நேரா பொலிஸுக்குத்தான் போவேன்.”

டிரைவர் எங்கள் அம்மாவுக்குத் தூரத்துத் தம்பி முறை. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும், பிறகு பெட்டியில் வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அவன் லொறிதான். அவன் வந்து அம்மாவின் காலில் விழுந்தான். அம்மா தொங்கல் காம்பராவுக்குப் போனார். இந்த முறை என்னைக் கூட்டிப் போகவில்லை. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து, “வர்றேன்னு சொல்லிருச்சு,” என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று அம்மாவும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் கீழ் லயத்துக்கு அத்தை நடந்து வந்ததை எல்லோரும் பார்த்தோம். மேலே காகங்கள் வட்டமிட்டுக்கொண்டு வந்தன. டிரைவர் வீட்டு ஆட்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒருத்தர் அவருக்குத் தேத்தண்ணிகூடக் கொண்டு வந்தார். அத்தை இலைக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஆனால் முதுகைக் காட்டவில்லை. இலையைப் பார்த்து நின்றார்.

காகங்கள் கல்யாண முருங்கையில் இறங்கின. அங்கிருந்து ஒன்று தரைக்கு வந்தது. தத்தி இரண்டடி முன்னால் வந்தது.

அத்தை மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து அதன் மேல் எறிந்தார்.

அங்கே கிடந்த கல் இல்லை. வீட்டிலிருந்தே மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அது காகத்தின் இறக்கையில் பட்டது. காகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கத்திக்கொண்டு, எப்படியோ எழும்பிப் பறந்தது. மரத்திலிருந்த எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. அவ்வளவு காகங்கள் ஒரே நேரத்தில் கத்தி நான் கேட்டதில்லை. அத்தை நின்ற இடத்திலேயே நின்றார்.

“அடிப் பாவி! என்ன காரியம்டி பண்ணுன!” டிரைவரின் தமக்கை அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அத்தை அவள் கையை விலக்கினார். செத்த பெண்ணின் தாயிடம் மட்டும் சொன்னார்: “இன்னிக்கு இனிமே வராதும்மா. நீங்க போங்க.”

அந்தத் தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிப் போனார். வழக்கு இன்னும் நடக்கிறது.

அதற்குப் பிறகு காகங்கள் அத்தையை விடவில்லை. கதவைத் திறந்தால் கூரையிலிருந்து கத்தும். பெரட்டுக்குப் போகிற வழியில் தலையில் கொத்தும். காது மடலில் ஒருமுறை ரத்தம் வழிந்தது. படங்கைப் போர்த்திக்கொண்டு போய்ப் பார்த்தார். நடையைத் தெரிந்தவற்றை அது ஏமாற்றுமா? குடை பிடித்துக்கொண்டு கொழுந்து எடுக்க முடியாது. மலையில் பக்கத்து நிரைப் பெண்கள் அவரோடு நிற்கப் பயந்தார்கள். கங்காணி முன்புபோலக் கேலி பேசவில்லை. நேரத்துக்கு வந்து சேர முடியாத நாட்களில் அரைப்பேர் போட்டார்.

அடிபட்ட காகம் பிழைத்துவிட்டது. இறக்கையில் ஓரிடத்தில் இடைவெளி விழுந்திருந்தது, பறக்கும்போது தெரியும். அதுதான் எப்போதும் முதலில் வந்து கொத்தும்.

“ரொட்டி வச்சுப் பாருங்களேன் அத்தை. சமாதானமாயிரும்,” என்றேன். அண்ணன் வந்து போகும் ஒவ்வொரு தடவையும், எங்களால்தானே அத்தைக்கு இந்த நிலை என்ற நினைப்பு எனக்கு வரும்.

“வைக்கலாம். வரும். திரும்ப எவனாவது வந்து என்னக் கூப்பிடுவான்.” பிறகு, “அதுங்க பொய் சொல்லாதுடா. நான்தான் சொல்ல வச்சேன். ஒங்கப்பாவுக்கு ஒரு தடவ,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளை நிறுவை சொல்வது போலச் சொன்னார்.

கடைசியில் தோட்டத்து ஐயாவிடம் கேட்டு மலையிலிருந்து ஸ்டோருக்கு மாறிக்கொண்டார். தேயிலை ஸ்டோரில் தூள் கூட்டுகிற வேலை. விடியுமுன் குடையோடு உள்ளே போனால் இருட்டின பிறகுதான் வெளியே வருவார். இடையில் வானம் பார்ப்பதில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. லயத்துக்கு வராமல் ஸ்டோருக்குப் பக்கத்திலேயே ஒரு காம்பரா கேட்டு வாங்கிக்கொண்டார். பின்னால் இருந்த சப்பட்டைக் கல்லில் இப்போது தொங்கல் காம்பராவுக்குப் புதிதாக வந்தவர்கள் துணி துவைக்கிறார்கள்.

போன தீபாவளிக்கு அண்ணன், அண்ணி, பிள்ளை மூன்று பேரும் வந்திருந்தார்கள். அத்தைக்கென்று அண்ணன் கொழும்பில் ஒரு சேலை எடுத்திருந்தார். இரண்டு பேரும் ஸ்டோருக்குப் போனோம். அத்தை பின்வாசலுக்கு வந்தார். கூரை நிழலைத் தாண்டாமல் உள்ளே நின்றபடி கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டார். தலைமுடியிலும் புருவத்திலும் தேயிலைத் தூள் படிந்திருந்தது. சேலை நிறம் நன்றாக இருக்கிறது என்றார். அண்ணனின் பிள்ளையைப் பற்றி விசாரித்தார். அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி என்று கேட்டார்.

அண்ணன் அப்பாவின் கருமாதியைப் பார்த்ததில்லை. அவர் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. கல்லெறிந்த கதையும் அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பேச வேறு ஒன்றும் கிடைக்காமல்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

“ஏன் அத்தை, மொத்தம் எத்தன காக்கா இருந்துச்சு ஒங்ககிட்ட?”

இத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. அத்தை யோசிக்கவில்லை.

“பதினொண்ணு,” என்றார். உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். “கடைசி வருசத்துக் குஞ்சு ரெண்டு. சேத்தா பதிமூணு.”